பதினெட்டு முடிந்து பதினைந்து நாள்

24.8.2025, ஞாயிறு

அன்பு மகன் ஜோஸுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஜெனிஷாவுக்குக் காலேஜில் பரீட்சை. எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மற்றபடி சுகம்தான். நீ சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவைத் தினமும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

உன் கைக்கு வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அங்கே ஒரு அதிகாரி பிரித்துப் படிப்பார் என்று சொன்னார்கள். அந்த ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை ஐயா. எட்டாவதோடு நின்றவன் எழுத்து, கோழி கிளறினதுபோல் இருக்கும். பொறுத்துக்கொண்டு படித்துவிட்டுப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று அம்மா மனு போட்டு உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். நானும் புதுக்கோட்டை வரைக்கும் வந்திருந்தேன். போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்த இரண்டு தடவையும் வரமாட்டேன் என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினாய். மூன்றாவது தடவை அம்மா பெயரில் மட்டும் மனு போட்டோம், உடனே வந்துவிட்டாயாம். அதிலிருந்து நான் உள்ளே வருவதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். கடைக்காரர் கேட்காமலே எனக்குச் சர்க்கரை குறைத்துப் போடுகிற அளவுக்குப் பழகிவிட்டார்.

அம்மா வெளியே வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். எந்தச் சட்டை போட்டிருந்தான், முகம் வாடியிருந்ததா, கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறதா, சிரித்தானா. என்னைப் பற்றிக் கேட்டானா என்று மட்டும் கேட்கமாட்டேன். அவளும் சொல்லமாட்டாள். நேற்று ஆலங்குடி வந்ததும் தானாகச் சொன்னாள், "அப்பா என்னைய ஏமாத்திக் கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டாருன்னு சொல்றான்" என்று. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏமாற்றவில்லை ஜோஸ். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீயே யோசித்துப் பார்.

ஜூலை ஆறாம் தேதி கல்யாண மண்டபத்தில் கூட்டம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் நம் ஊர் பட்டபாடு உனக்கே தெரியும். சந்தைக்கு வந்தவர்களுடைய பைக் காணாமல் போயிற்று, டிராக்டர் பேட்டரிகள் போயின, மூன்று பெண்களிடம் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பையனுக்குக் கத்திக்குத்து. பிடிபட்டவர்கள் எல்லாம் மீசை சரியாக முளைக்காதவர்கள். அதனால் கலெக்டர் ஆபீசிலிருந்தே ஆட்கள் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். வடையும் டீயும் கொடுத்தார்கள். 'புதிய பாதை' என்று ஒரு திட்டம். பதினெட்டு வயது முடியாத பிள்ளை தப்புச் செய்திருந்தால், பெற்றவர்களே கூட்டிவந்து உண்மையைச் சொன்னால் ஜெயில் கிடையாது. கவுன்சலிங் கொடுப்பார்கள், ஐடிஐயில் சேர்த்துவிடுவார்கள், சாயங்காலம் விளையாட்டு மன்றம். பதினெட்டு முடிந்தவனுக்கு இதெல்லாம் கிடையாது, சட்டப்படி உள்ளே. பெரிய அதிகாரி இதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நான் அங்கேயே விரல்விட்டு எண்ணினேன். நீ பிறந்தது டிசம்பர் எட்டு, மாதா திருநாள் அன்று. இந்த டிசம்பரில்தான் உனக்குப் பதினெட்டு.

ஏன் எண்ணினேன் என்றால், ஜூன் கடைசியிலிருந்தே நீ சரியில்லை. வெளியே போகவில்லை, தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். பன்னிரண்டாவது முடித்து ஒரு வருஷமாக ஊரைச் சுற்றினவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பெற்றவனுக்குத் தெரியாதா? கூட்டத்தில் கேட்டதை வந்து சொன்னேன். அன்று சாயங்காலம் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது நீயாக வந்து நின்றாய். பைக் ஓட்டினது வெற்றிசெல்வன், பின்னால் உட்கார்ந்து போனைப் பிடுங்கினது நான் என்றாய். "அந்த நர்ஸம்மா விழுந்ததைத் திரும்பிப் பாத்தேன்ப்பா, நிறுத்துடான்னேன், அவன் நிறுத்தலை" என்று அழுதாய். நான் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. பிறகு, "ஒனக்குப் பதினேழுதான்டா, அப்பா இருக்கேன், காலையில போயிச் சொல்லிருவோம்" என்றேன். அந்த வார்த்தையை நம்பித்தான் நீ வந்தாய், அது எனக்குத் தெரியும்.

மறுநாள் உன்னை முதலில் சலூனுக்குத்தான் கூட்டிப்போனேன். அந்தக் கொண்டைச்சேவல் முடியோடு போனால் மரியாதையாக இருக்காது என்று வெட்டச் சொன்னேன். சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். பெண் பார்க்கப் போகிற மாதிரி அப்பனும் மகனும் கிளம்பினோம். அங்கே இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் பேசினார், இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். பத்தாவது மார்க் சீட்டைக் கேட்டார். நான்தான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அதில் பிறந்த தேதி 5.6.2007 என்று இருக்கிறது. சம்பவம் நடந்தது ஜூன் இருபது. அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு முடிஞ்சு பதினஞ்சு நாள் ஆயிருச்சேய்யா" என்றார். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும்.

வருஷாவருஷம் டிசம்பரில் உனக்குக் கேக் வாங்குகிறோம். பேப்பரில் என்ன தேதி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? பேப்பர்தான் நம்மைக் கவிழ்த்துவிட்டது.

அந்த நர்ஸ் அருணாம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டதாம், கையை இன்னும் முழுசாகத் தூக்க முடியவில்லை. வாங்க என்று கூப்பிட்டார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன் போனது போகட்டும், பின்னால் பைக் சத்தம் கேட்டாலே இப்போதும் வண்டியை நிறுத்திவிட்டு அது தாண்டிப் போகிறவரைக்கும் நிற்பதாகச் சொன்னார். இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஊரில் நாலு முக்கிலும் கேமரா வைத்துவிட்டார்கள். பழைய நூலகத்தில் விளையாட்டு மன்றம் திறந்து இரண்டு கேரம் போர்டு போட்டிருக்கிறார்கள். உன் வயதுப் பிள்ளைகள் அங்கே அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் நான் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடுவேன்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் வருவோம். ஒரு நிமிஷம் வந்து முகத்தைக் காட்டு தம்பி. திட்டவேண்டும் என்றால் திட்டு.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
ஆனந்தராஜ்

21.9.2025, ஞாயிறு

ஜோஸ் தம்பிக்கு,

நாலு சனிக்கிழமை போய்விட்டது. நீ முகம் காட்டவில்லை. அம்மாவைக் கேட்டால் நீ கடிதத்தை வாங்கிக்கொண்டாய், கிழிக்கவில்லை என்கிறாள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருக்கிறது.

இலவச சட்ட உதவியில் நமக்குக் கொடுத்த வக்கீல் ரம்யா அம்மா புதன்கிழமை அங்கே வந்தார் அல்லவா. சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. ஜாமீன் இரண்டாம் தடவையும் தள்ளுபடி ஆனதற்கு நான் சோர்ந்து உட்கார்ந்தபோது, அவர்தான் ஜாமீனை விடுங்கள், வயதைப் பிடியுங்கள் என்றார். உனக்கு அன்றைக்குப் பதினெட்டு முடியவில்லை என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டால் வழக்கு சிறுவர்களுக்கான குழுமத்துக்குப் போய்விடும். அவர்கள் உன்னை வீட்டுக்கு அனுப்பலாம். முடிந்த பிறகு அந்த வழக்கு உன் பெயரில் எங்கேயும் நிற்காது. இல்லாவிட்டால் சிங்கப்பூருக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனாலும் சரி, போலீஸ் வேலைக்கு எழுதினாலும் சரி, இது முன்னால் வந்து நிற்கும்.

இதை அவர் உன்னிடம் விளக்கிச் சொன்னாராம். நீ தலை குனிந்தபடியே, "எங்க அப்பா எழுதிக் குடுத்த வயசே இருந்துட்டுப் போகட்டும் மேடம்" என்றாயாம். ரம்யா அம்மா அதை என்னிடம் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

போன கடிதத்தில், அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். பேப்பர் மேல் பழியைப் போட்டேன். இப்போது எழுதுகிறேன். ஸ்டேஷனில் நான், தேதி தப்பு, பிள்ளைக்குப் பதினேழுதான் என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாக, "தப்புன்னா இதை யாரு குடுத்தது?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். பொய்த் தேதி கொடுத்தவன் என்று என்மேலும் கேஸ் வருமோ, லைசென்ஸ் போய்விடுமோ என்று ஒரு நிமிஷத்தில் என்னென்னவோ ஓடியது. "பள்ளிக்கூடத்துல போட்டுட்டாங்கய்யா" என்று முனகினேன். ஒரு வார்த்தைதான், நான்தான் கொடுத்தேன் என்று. சொல்லியிருந்தால் அவர் விசாரித்திருப்பார். சொல்லாமல் உன்னை விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏமாற்றிவிட்டார் என்று நீ சொன்னது சரிதான்.

அந்தத் தேதி வந்த கதையையும் நீ என் வாயால் கேட்டதில்லை. 2012 ஜூன். ஜெனிஷா இரண்டாம் வகுப்பு. உனக்கு நாலரை வயது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகவேண்டும், நான் வண்டிக்குப் போகவேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்காவோடு நானும் போவேன் என்று நீயும் காலையில் பையை மாட்டிக்கொண்டு அழுவாய். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், நம்மிடம் இல்லை. வாயால் ஜூன் ஐந்து என்று சொன்னேன். பெரிய வாத்தியார் பழைய காலத்து ஆள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது, இல்லாவிட்டால் அடுத்த வருஷம். உன் விரல் காதுக்கு எட்டவில்லை. நான் செல்லமாகத் தடவுகிற மாதிரி உன் தலையைச் சாய்த்துப் பிடித்தேன், எட்டிவிட்டது. நீ தொட்டுட்டேன் தொட்டுட்டேன் என்று குதித்தாய். வாத்தியாரும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். வெளியே வந்து உனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்குப் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்தேன் தம்பி. ஆறு மாசம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அம்மாவிடம் பெருமை வேறு அடித்தேன்.

பிறப்பை ஏன் பதியவில்லை என்று ரம்யா அம்மா கேட்டார். நீ பிறந்தது ஆவூரில், அம்மாவுடைய வீட்டில். நாலு நாளாக விடாமல் மழை, ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் பக்கத்து வீட்டு அம்மாதான் பிரசவம் பார்த்தார். உன் மாமா பதிந்திருப்பார் என்று நான் நினைத்தேன், தகப்பன் பதிந்திருப்பான் என்று அவர் நினைத்தார். இப்படியே பதினேழு வருஷம் போயிற்று.

ஆனால் கோவிலில் பதிந்திருக்கிறது. போன திங்கட்கிழமை ஆவூருக்குப் போனேன். சாமியார் அலமாரியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். நானே பக்கம் பக்கமாகத் தேடினேன். ஜோஸ், பிறந்தது 8 டிசம்பர் 2007, ஞானஸ்நானம் 30 டிசம்பர் 2007. கீழே என் கையெழுத்து. இளவயதுக் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு அலங்காரமாக இருக்கிறது. அதன் மேலே விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். தூசி என்றேன். அவர் சான்றெழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

அது மட்டும் போதாதாம். கோர்ட்டில் பள்ளிச் சான்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது தப்பு என்றால், எப்படித் தப்பானது என்று கொடுத்த ஆளே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்லவேண்டும். என்மேல் நடவடிக்கை வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், வந்தால் பார்த்துக்கொள்வோம் என்றார் ரம்யா அம்மா. உன் அம்மா குறுக்கே வந்து, "அவரு சொல்லுவாரும்மா, நீங்க கோர்ட்டுல தேதியை வாங்குங்க" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் நான் சொல்லப் போகிறேன். உனக்கு நான் கொடுத்த வயது அது இல்லை ஜோஸ். உனக்குக் கொடுத்தது டிசம்பர் எட்டு. மற்றது நான் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன பொய்.

வெற்றிசெல்வனையும் திருப்பூரில் பிடித்து அங்கேதான் கொண்டுவந்திருக்கிறார்களாம். அவனுடன் சண்டை வேண்டாம். அவன் அப்பா மூக்கன் சந்தையில் என்னைப் பார்த்தால் பாதை மாறிப் போகிறார். பெற்றவர்கள் எல்லாருமே இப்போது அப்படித்தான் நடக்கிறோம்.

சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

அப்பா

12.10.2025, ஞாயிறு

அன்பு ஜோஸ்,

வியாழக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டேன். நேரில் இல்லை, கோர்ட்டில் சுவரில் மாட்டியிருந்த டிவியில். உன்னை வேனில் கொண்டுவருவார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கலாம் என்று காலை ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்றேன். இப்போதெல்லாம் வீடியோவில்தான் என்று ரம்யா அம்மா உள்ளே கூட்டிப்போனார். பெஞ்சில் ஐந்தாறு பையன்கள் உட்கார்ந்திருந்த படம் தெரிந்தது. எல்லாருக்கும் ஒட்ட வெட்டின முடி. எனக்கு நீ எது என்று உடனே தெரியவில்லை. பிறகு ஒருவன் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான், கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்படி ஆட்டாதே என்று உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன். நன்றாக ஆட்டு தம்பி.

மூன்று மாதத்தில் மெலிந்துவிட்டாய். கழுத்தெலும்பு தெரிகிறது. அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை.

என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார்கள். அங்கிருந்து கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று இங்கிட்டும் அங்கிட்டும் நகர்ந்தேன், ஒரு இடத்தில் நிற்கச் சொல்லி அதட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வேறு கேஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டார், தேதியைக் கொடுத்தது யார் என்று. "நான்தாங்கம்மா" என்றேன். ஏன் என்றார். தலையைச் சாய்த்துப் பிடித்ததுவரைக்கும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஸ்டேஷனில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றார். "பயந்துட்டேன்மா. என்னையக் காப்பாத்திக்கிட்டு அவனை விட்டுட்டேன்" என்றேன். ரம்யா அம்மா இதைச் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது. அரசு வக்கீல் என்னைப் பொய் சொல்கிறவர் என்று நாலு விதமாகக் கேட்டார். ஆமாம், சொல்லியிருக்கிறேன், அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு மாஜிஸ்ட்ரேட் அம்மா டிவியைப் பார்த்து, உங்க அப்பா சொன்னது கேட்டுச்சா தம்பி என்று கேட்டார். சத்தம் உன்னிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நீ நிமிர்ந்தாய். "கேட்டுச்சு" என்றாய். அவ்வளவுதான். படத்தை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன். உடைந்து கட்டையாகிவிட்டது, ஆம்பிளைக் குரல். அன்றைக்குத் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை போனேன். போகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். கோபமாகச் சொன்னாயா, சும்மா சொன்னாயா, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாயா என்று ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெனிஷாவிடம் கேட்டால், "கேட்டுச்சுன்னா கேட்டுச்சுதான், சும்மா இருங்கப்பா" என்கிறாள். நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கவே முடியவில்லை ஜோஸ். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உத்தரவு. என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நமக்குச் சாதகமாக வந்தால் உன்னைப் புதுக்கோட்டையிலேயே குழுமத்தின் முன்னால் நிறுத்துவார்கள். அருணாம்மாவைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல், மழுப்பாதே. பயந்து மழுப்புகிற ஆள் வீட்டுக்கு ஒருவன் போதும். பிறகு, யாருடன் போக விரும்புகிறாய் என்று உன்னையே கேட்பார்களாம். அங்கே முறுக்கிக்கொண்டு நிற்காதே, உன் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுடன் என்று சொல். என்னுடன் வர விருப்பமில்லை என்று சொன்னாலும் சொல், எழுதிக்கொள்ளட்டும். வெளியே வந்தால் போதும்.

நான் வாசல் பக்கம் வரமாட்டேன். அம்மாவிடம் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் இரண்டு பேரும் கறம்பக்குடி பஸ்ஸில் ஏறிப் போங்கள், நான் வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன். நீ திரும்பிப் பார்க்கவேண்டாம். கடைசி சீட்டில் மட்டும் உட்கார்ந்துகொள் தம்பி. அங்கே உட்கார்ந்தால், கண்ணாடி வழியாக உன் பின்னந்தலை ஊர் வருகிறவரைக்கும் எனக்குத் தெரியும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் அப்பா,
ஆனந்தராஜ்